அண்ணன் பேரில் போன கை

எங்கள் வீட்டு ஆண்கள் கூலிக்குப் போனதை நாங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை. யாராவது கேட்டால், "மில்லு கட்டற எடத்துல மேப்பார்வைக்குப் போறாங்க" என்று அக்கா சொல்லிவிடுவார். மேற்பார்வை பார்க்கிறவனுடைய உள்ளங்கை அப்படிக் கொப்புளித்திருக்காது. கேட்டவர்களுக்கும் அது தெரியும். அவர்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் எங்கேயோ மண் சுமந்துகொண்டிருந்ததால் மேலே கேட்கமாட்டார்கள்.

அக்கா என்று நான் சொல்வது என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவியை. மாமனார் மாமியார் போய்ச் சேர்ந்துவிட்ட வீடு அது. அண்ணன், அக்கா, என் வீட்டுக்காரர், நான் என்று ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் மோகனூரில் ஆற்றங்கரையில் பிறந்தவள். எப்போதும் தண்ணீர் ஓடுகிற ஊரிலிருந்து மானாவாரிக் காட்டுக்கு வாழ வந்தேன். வந்த வருஷமும் மழை இல்லை, அதற்கு அடுத்த வருஷமும் இல்லை. கிணற்றில் குடம் மொண்டால் பாதி சேறு. காடு வைத்திருக்கிற குடும்பம் என்ற பேர் மட்டும் பாக்கி இருந்தது.

அப்போதுதான் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் சாலையோரமாகப் பருத்தி மில் ஒன்று கட்ட ஆரம்பித்தார்கள். பெரிய கட்டிடம். உயரத்தில் இரும்பு உத்தரங்களை ஏற்றவேண்டும். அதற்கு 'விஞ்சு' என்று ஓர் எந்திரம் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஓர் உருளையில் கம்பிக் கயிறு சுற்றியிருக்கும். இரண்டு பக்கமும் கைப்பிடி. இரண்டு ஆள் நின்று சுற்றச் சுற்ற உத்தரம் மேலே போகும். பளு பின்னுக்கு இழுத்துவிடாமல் இருக்க, இரும்பு நாக்கு ஒன்று சக்கரத்தின் பல்லில் விழுந்து விழுந்து பிடித்துக்கொள்ளும். அந்த நாக்கு தேய்ந்துபோயிருந்தது. அண்ணன்தான் அந்தக் கைப்பிடியில் வேலை பார்த்தார். ஆள் கணக்கில் அவருடைய பேர்தான் இருந்தது.

"அது எப்பப் புடிக்கும், எப்ப உடும்னு அதுக்கே தெரியாது" என்று சாப்பிட உட்கார்ந்தால் சொல்லுவார். நான் அடுப்படிச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் தம்பி மனைவி அண்ணனுக்கு நேரே நிற்கக்கூடாது. அவருக்கு நான் சோறு போட்டதே இல்லை. அக்காதான் போடுவார்.

"மேஸ்திரிகிட்டச் சொன்னீங்களா?" என்று அக்கா கேட்பார்.

"சொன்னேன். அவுரு கண்ட்ராக்டருகிட்டச் சொன்னாராம். இந்த உத்தரமெல்லாம் ஏறட்டும், அப்புறமேலு பாத்துக்கலாம்னுட்டாராம். இப்பத்திக்கு நாக்குக்குத் தாம்புக்கயித்தக் கட்டி வெச்சுருக்குது."

"இரும்புக்குக் கயித்துல கட்டா? நல்லாத்தான் இருக்குது."

"மாட்டுக்குக் கட்டறாப்ல கட்டியிருக்கறாங்க. நானும் மாடு மேச்சவன்தான். அது முட்ட வாரப்ப ஒதுங்கிக்குவன்" என்று சிரிப்பார்.

அந்த வருஷம் ஆடியில் ஒரு நாள் விடியற்காலையில் மழை இறங்கியது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு நல்ல ஈரம். அண்ணன் மில்லுக்குக் கிளம்பாமல் விதைப் பெட்டியை எடுத்தார். எங்கள் காட்டில் விதைக்கிற கை அவருடையதுதான். அவர் வீசினால் சோளம் ஒரே சீராக முளைக்கும் என்று அவருடைய அப்பா இருக்கும்போதே ஒப்படைத்துவிட்ட வேலை. "நீ போயிட்டு வா சாமி, இன்னிக்கு நா வெதைக்கறன்" என்று தம்பியை அனுப்பிவிட்டார். இதில் யாருக்கும் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. பக்கத்துக் காட்டுக்குக் களை வெட்ட ஆள் தரவேண்டும் என்றால் எங்கள் வீட்டிலிருந்து ஓர் ஆள் போகும். அது யார் என்று யாரும் பார்ப்பதில்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் அக்கா போவார், அக்காவுக்கு முடியவில்லை என்றால் நான் போவேன். வீடுதான் வேலைக்குப் போகும். அப்படியே பழகியிருந்தோம். அரிவாளுக்கும் களைக்கொத்துக்கும் அது சரியாக இருந்தது.

மேஸ்திரி கேட்டாராம், "அண்ணன் எங்க?" என்று.

"மழ பேஞ்சுருக்குதுங்க. வெதைக்கறாரு. நா வந்துட்டனுங்க."

"யாரு வந்தா என்ன. கைப்புடியப் புடி."

இதை என் வீட்டுக்காரர் பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். மேஸ்திரியின் குரலிலேயே சொல்லுவார்.

உத்தரம் பாதி உயரம் போனபோது கயிற்றுக் கட்டு அறுந்து நாக்கு பல்லை விட்டுவிட்டது. பளு கீழே இழுக்க, கைப்பிடி பின்னுக்குச் சுழன்றது. எதிர்ப்பக்கம் நின்றவன் அந்த எந்திரத்தின் குணம் தெரிந்தவன். கையை விட்டுவிட்டுத் துள்ளி விலகிவிட்டான். இவர் புதுசு. விட்டால் பளு கீழே இருக்கிறவர்கள் மேல் விழுமே என்று இறுக்கிப் பிடித்தாராம். வலது கை முழங்கைக்குக் கீழே சிதைந்துபோயிற்று.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மில் சாமான் ஏற்றுகிற வண்டியில் கொண்டுபோனார்கள். கண்ட்ராக்டருடைய கணக்குப்பிள்ளை கூடப் போனார். ஆஸ்பத்திரியில் பேர் கேட்டபோது அவர் ஆள் கணக்கில் இருந்த பேரைச் சொன்னார். அண்ணன் பேர். இவருக்கு நினைவு இல்லை. கையை எடுத்தாயிற்று. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் காலில் விதைப்பு மண் அப்படியே காய்ந்திருந்தது. வராந்தாவில் ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அண்ணன் "ஆமாங்க" என்று முன்னால் போனார். "நீ இல்லய்யா, கை போனவன்" என்று உள்ளே கையைக் காட்டினார். அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"நா நின்னிருந்தா ஒதுங்கியிருப்பன்... நா நின்னிருந்தா ஒதுங்கியிருப்பன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கண் திறந்ததும் என்னிடம் கேட்டது, "வெதச்சாச்சா?" என்பதுதான்.

அந்தச் சோளம் நன்றாக விளைந்தது. சொல்லவே கசக்கிறது, ஆனால் விளைந்தது.

வேலையில் அடிபட்டவனுக்கு முதலாளி நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது என்பதை எங்களுக்குச் சொன்னவர் சேலத்தில் இருந்த ஒரு வக்கீல். எங்கள் பக்கத்து ஆள்தான். முதலாளி மேல் தப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுத்தாகவேண்டும், அடிபட்டவன் குடித்திருந்தான் என்று அவர்கள் நிரூபித்தால்தான் தப்பிக்கலாம், அதை விசாரிக்கத் தனியாக ஓர் அதிகாரி உண்டு என்று அண்ணனிடம் விவரமாகச் சொல்லியிருக்கிறார். கேட்டுவந்த அண்ணன் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் ரத்தம் ஓடியது. தம்பிக்கு அதை வாங்கிக் கொடுத்துவிட்டால் தன் மனசு ஆறும் என்று நினைத்தார். எனக்கும் ஆசை வந்தது. கைக்குப் பதில் எதுவும் வராது, தெரியும். இவர் இன்னொருவர் வீட்டு வாசலில் போய் நிற்காமல் ஒரு பெட்டிக்கடையாவது வைத்து உட்கார்ந்துகொள்ளட்டும் என்ற ஆசை.

அடுத்த தடவை அண்ணன் எங்களையும் வக்கீலிடம் கூட்டிப்போனார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"கணக்குல அண்ணன் பேரு. ஆசுபத்திரியில அண்ணன் பேரு. இப்ப நாம போயித் தம்பி பேரச் சொன்னா, நீ யாரு, உன்ன யாரு வேலைக்கு வெச்சாங்கன்னு கேப்பாங்க. அப்ப என்ன பண்றது? பேரு மாத்த வேண்டாம். அந்தப் பேருலயே வந்து நில்லு. அதிகாரி உங்க மூஞ்சியக் கண்டாரா?"

"உள்ளதச் சொன்னா ஆவாதுங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"கணக்குல பேரு இல்லாதவன் கூலியே இல்லப்பா."

அவர் படித்தவர். நாங்கள் நம்பினோம். நம்பாமல் என்ன செய்வது?

வீட்டுக்கு வந்ததும் அக்கா அழுதார். கண்ட்ராக்டர் தரப்பில் மறுத்துப் பேசினால் அடையாளம் சொல்ல மனைவி வரவேண்டியிருக்கும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அக்காதான் போகவேண்டும். "அவன் எனக்கு மகனாட்டம். அவனக் காட்டி இவுருதான் என்ற புருசன்னு நா எப்படீங்க சொல்லுவன்?"

"வாய் வார்த்தைக்குத்தான. ஒரு நாளு" என்றார் அண்ணன்.

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என்ற கையி. அண்ணம் பேரு. நங்கையோட புருசன். அப்ப நா யாருங்க?" அண்ணன் மனைவியை அவர் நங்கை என்றுதான் கூப்பிடுவார், எங்கள் பக்கத்து வழக்கம். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

விசாரணை நாளில் அண்ணன் வரக்கூடாது. இரண்டு கையோடு அவர் அங்கே நின்றால் கதை கந்தல். அக்கா கொழுந்தனோடு தனியாகச் சேலம் வரைக்கும் பஸ்ஸில் வரமாட்டேன் என்றதால் நானும் போனேன். அங்கே கேட்டவர்களிடமெல்லாம் நான் அவருக்குத் தம்பி மனைவி என்றே சொல்லியிருந்தோம். "தள்ளியே நில்லு அம்மிணி. பக்கத்துல போயிராத" என்று அக்கா வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

காலையில் அவர்கள் தரப்பு வக்கீல் முதலில் குடித்திருந்தார் என்றார். இவர் வாயில் கள்ளு பட்டதே இல்லை, அது நிற்கவில்லை. அப்புறம்தான், இந்த ஆள் அந்த ஆளே இல்லை என்று ஆரம்பித்தார். அக்காவைக் கூப்பிட்டார்கள். சத்தியம் வாங்கினார்கள்.

"இது யாரம்மா?"

அக்கா தரையைப் பார்த்தபடி இருந்தார். முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்தினார். "என்ற... ஊட்டுக்காரருங்க" என்றார். சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், தாண்டிவிட்டோம் என்று எங்கள் வக்கீல் கண்ணால் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கலைந்தோம்.

இவர் அன்றைக்கு எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. கை போன நாளிலிருந்து இடது கையால் சாப்பிடமாட்டார். அந்தக் கை வேறு வேலைக்கு உள்ளது, அதைச் சோற்றில் வைத்தால் தொண்டையில் இறங்கவில்லை என்பார். வீட்டில் நான்தான் ஊட்டிக்கொண்டிருந்தேன், கதவைச் சாத்திக்கொண்டு. அன்றைக்கு அக்கா ஊட்டுவதாகத்தான் ஏற்பாடு. கட்டிடத்துக்குப் பின்னால் மதில் ஓரமாக ஒரு வேப்பமரம். அக்கா கட்டுச்சோற்றை அவிழ்த்து ஓர் உருண்டை எடுத்து நீட்டினார். இவர் வாயைத் திறக்கவில்லை.

"வாங்கிக்க சாமி. ஆராச்சும் பாக்கப் போறாங்க."

"வேண்டாமுங்க நங்கை."

"காலையில இருந்து பட்டினி. மயங்கி உழுந்தா ஆரு தூக்கறது? நானா?"

"காத்தால ஒரு பொய்யி சொன்னீங்க, எனக்கோசரம். இனிச் சோத்துலயும் பொய்யி வேண்டாமுங்க. எனக்கு எறங்காது."

அக்கா உருண்டையை இலையிலேயே வைத்துவிட்டு, "அப்ப உன்ற பொண்டாட்டிய வந்து ஊட்டச் சொல்லு" என்று கோபமாகச் சொல்லி, தண்ணீர் எடுத்துவரப் போய்விட்டார். கோபமா, அவமானமா, தெரியவில்லை. நான் தள்ளித்தான் நின்றேன். இவர் உதடு வெளுத்திருந்தது. நான் போய் உட்கார்ந்து ஊட்டினேன். இவர் வாங்கிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வேக வேகமாக.

மதில் திருப்பத்தில் கணக்குப்பிள்ளை பீடி பற்றவைக்க வந்தார். எங்களைப் பார்த்துவிட்டுப் பற்றவைக்காமலே நின்றார். வெள்ளைக்காரன் யாராவது பார்த்திருந்தால் ஒன்றும் புரிந்திருக்காது. ஏன், மதராஸ்காரர் பார்த்திருந்தாலும் புரிந்திருக்காது. இந்த மனுஷர் நாமக்கல் பக்கத்துக்காரர்.

"நல்லா ஊட்டு அம்மிணி" என்றார். "தம்பி பொண்டாட்டி அண்ணனுக்குச் சோறு ஊட்டற ஊரு எதுங்க? சொன்னா நானும் அங்க குடி வந்துருவன்."

என் கையில் சோறு அப்படியே நின்றது. இவர் வாயில் இருந்ததையும் துப்பிவிட்டார்.

மத்தியானத்துக்கு மேல் என்னைக் கூப்பிட்டார்கள். அதுவரைக்கும் எங்கள் வீட்டு ஆண்கள் தவிர வேறு ஆண்பிள்ளை முன்னால் நான் நாலு வார்த்தை சேர்த்துப் பேசினது கிடையாது. அவர்கள் தரப்பு வக்கீல் அதட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"நீ இவருக்கு என்ன வேணும்மா?"

"தம்பி சம்சாரமுங்க."

"உன் புருஷன் எங்கே?"

"ஊட்டுல... காட்டுல இருக்கறாருங்க."

"அவர் காட்டிலே பாடுபடுகிறார். நீ இங்கே மரத்தடியிலே உட்கார்ந்து அவருடைய அண்ணனுக்குச் சோறு ஊட்டுகிறாய். இந்த அம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து. இது எத்தனை நாளாக நடக்கிறது?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நிறையப் பேர் சிரித்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்தேன். இல்லாத கையால் எதையோ பிடித்து எழுந்திருக்கப் பார்த்துத் தடுமாறினார். அது அவருக்குக் கடைசி வரைக்கும் இருந்தது, அவசரம் என்றால் அந்தக் கைதான் முதலில் கிளம்பும்.

"நா சோறு ஊட்டுனது என்ற புருசனுக்குங்க" என்றேன்.

அதற்கப்புறம் அங்கே மறைக்க ஒன்றும் இல்லை. அதிகாரி இவரையே கேட்டார். இவர் மழையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். 'யாரு வந்தா என்ன, கைப்புடியப் புடி' என்பது வரைக்கும் சொன்னார். அதிகாரி பேனாவை மூடினார். அவர் சொன்னதை எங்கள் வக்கீலின் குமாஸ்தா எங்களுக்குத் தமிழில் சொன்னார். பொய்ப் பேரில் வந்த வழக்கை எடுக்கமுடியாது. ஆனால் மேஸ்திரி தெரிந்தே வேலைக்கு நிறுத்தி, அவன் கையால் வேலை வாங்கியிருந்தால், கணக்கில் யார் பேர் இருந்தாலும் அடிபட்டவன்தான் தொழிலாளி. முதலிலேயே உள்ளதைச் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. வேண்டுமானால் சொந்தப் பேரில் புதிதாக மனுக் கொடுக்கட்டும்.

உள்ளதைச் சொன்னால் ஆகாதா என்று இவர் கேட்டது என் காதில் திரும்பத் திரும்ப விழுந்தது. எங்கள் வக்கீல் எங்கள் பக்கமே பார்க்கவில்லை. காகிதங்களை அடுக்குவதில் மும்முரமாக இருந்தார்.

வெளியே வந்ததும் அவர்கள் தரப்பு வக்கீலே எங்களிடம் வந்தார். புது மனுக் கொடுப்பது உங்கள் இஷ்டம், ஆனால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னதற்காக இந்த அம்மா மேல் நாங்கள் வழக்குப் போடுவோம், ஜெயில்தான் என்றார். மனு இல்லை என்றால் வழக்கும் இல்லை. அக்கா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

இவர் யோசிக்கக்கூட இல்லை. "நங்கைய செயிலுக்கு அனுப்பிச்சுட்டு வாங்கற சோறு எனக்கு வேண்டாமுங்க. போலாம் வாங்க" என்றார். பஸ் ஏறினோம். புதுச்சத்திரத்துக்கு முன்னால் மில் கட்டிடம் தெரிந்தது. அந்த உத்தரங்களெல்லாம் ஏறி, மேலே தகரம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா ஜெயிலுக்குப் போகவில்லை. ஆனால் நான் அன்றைக்கு ஊட்டினதை அவர் மன்னிக்கவே இல்லை. தண்ணீர் எடுக்கிற இடத்தில், நோம்பி, பண்டிகை நாளில், யாராவது இவர் கையைப் பற்றி விசாரித்தால், "எல்லாம் கெடச்சுருக்கும். ஒரு நேரம் பசி பொறுக்கல" என்பார். என்னைப் பார்த்து அல்ல, பானையைப் பார்த்துச் சொல்லுவார். அண்ணன் அதற்கப்புறமும் விதைத்தார். காட்டைப் பங்கு பிரித்தபோது நல்ல பாதியை எங்களுக்கு விட்டார். ஒற்றைக் கைக்காரருக்கு எந்தப் பாதி கொடுத்தால் என்ன? நான் உழுதேன், நான் விதைத்தேன். சீராக முளைக்கவில்லை. ஊரில் அதற்கும் சிரித்தார்கள்.

வெள்ளைக்காரன் பெரிய சண்டை போட்ட காலத்தில் சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் கார்டு கொடுக்க வீடு வீடாகப் பேர் எழுத ஒருவர் வந்தார். இவர் வாசலுக்குப் போய் நின்று தன் பேரைச் சொன்னார். அந்த ஆள் எழுதினார். எழுதினதைப் படித்துக் காட்டுங்கள் என்றார் இவர். படித்துக் காட்டினார். "இன்னொருக்காப் படிங்க" என்றார்.

"செரியாத்தானுங்க எழுதியிருக்குது."

"கையி போனதையும் எழுதிக்கோங்க."

அந்த ஆள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்கு இதுல எடமில்லீங்களே" என்றார். அடுத்த வீட்டுக்குப் போனார்.

இவர் உள்ளே வந்து, "சோறு போடு" என்றார். நான் கதவைச் சாத்தப் போனேன். சாத்தவேண்டாம் என்றார். அன்றைக்கு வாசலைப் பார்க்க உட்கார்ந்து என் கையால் சாப்பிட்டார்.